கருச்சிதைவுக்குப் பின் ஆஸ்பிரின்: யாருக்கு உதவும், யாருக்கு உதவாது?

திருமணமான ஓரிரு ஆண்டுகளில் வீட்டில் தொட்டில் கட்டப்படும் என்று ஆவலோடு காத்திருக்கும் குடும்பங்கள் நம் பங்குகளில் பல உண்டு. கரு உண்டாகியிருக்கிறது என்ற இனிய செய்தியைக் கேட்டு இரு வீட்டாரும் மகிழ்ந்திருக்கும் வேளையில், இரண்டாம் மாதத்திலோ மூன்றாம் மாதத்திலோ அக்கரு கலைந்துவிடுகிறது. இத்துயரம் பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. அடக்கச் சடங்கு இல்லை; துக்கம் விசாரிக்க வருவோரும் மிகச் சிலரே. மருத்துவமனையில் ஒன்றிரண்டு நாள், வீட்டில் ஒரு வார ஓய்வு, பிறகு வழக்கம்போல அடுப்படி என்று அந்தப் பெண்ணின் வாழ்க்கை நகர்ந்துவிடுகிறது. அவள் மனத்தில் மட்டும் ஒரு கேள்வி நீங்காமல் நிற்கிறது: “அடுத்த தடவையும் இப்படியே ஆகிவிடுமோ?”

இக்கேள்விக்கு விடை கூற முன்வருவோர் பலர். ஒருவர் கைமருந்து கூறுவார். மற்றொருவர் ஊர் பேர் சொல்லி வைத்தியரைக் காட்டுவார். இன்னொருவர், “என் தங்கைக்கும் இப்படித்தான் கலைந்தது. பெரிய டாக்டர் தினம் ஒரு சின்ன ஆஸ்பிரின் மாத்திரை கொடுத்தார். மறு வருஷமே பிள்ளை பிறந்தது. நீயும் போட்டுக்கொள்” என்பார். மாத்திரையோ விலை மலிவு. மாரடைப்பு வந்த தாத்தாவுக்காக வாங்கி வைத்த 75 மில்லிகிராம் அட்டை வீட்டு அலமாரியிலேயே இருக்கவும் கூடும். எடுத்து விழுங்க எவ்வளவு நேரம் ஆகும்?

அம்மாத்திரை உண்மையிலேயே உதவுமா? உதவுமென்றால் எத்தகைய பெண்ணுக்கு உதவும்? அதனால் தீங்கு ஏதும் உண்டா? மருத்துவ உலகம் பல பெண்களின் ஒத்துழைப்போடு இவற்றை ஆராய்ந்து, ஓரளவு தெளிவான விடைகளைக் கண்டிருக்கிறது. அவற்றை எளிய முறையில் நேயர்கள் முன் வைப்பதே நம் நோக்கம்.

பெயரால் நேரும் காயம்

முதற்கண் ஒரு சொல்லைப் பற்றிக் கூறியாக வேண்டும். கரு தானாகக் கலைந்த பெண்ணின் மருத்துவமனைச் சீட்டில் ‘அபார்ஷன்’ என்று எழுதியிருப்பதைப் பலர் பார்த்திருப்பர். மருத்துவ நூல்களில் இச்சொல் தானாகக் கலைவதையும், வேண்டுமென்றே கலைப்பதையும் ஒருசேரக் குறிக்கும். ‘ஸ்பான்டேனியஸ் அபார்ஷன்’ என்றால் தானாகக் கலைந்தது என்பது பொருள். ‘மிஸ்டு அபார்ஷன்’ என்றால், வளர்ச்சி நின்றுபோன கரு வெளிவராமல் உள்ளேயே தங்கிவிட்டது என்பது பொருள். இவ்வேறுபாட்டை அறியாத உறவினர் சீட்டைப் படித்துவிட்டு, அவளே கருவைக் கலைத்துக்கொண்டாளோ என்று ஐயுறக்கூடும். அக்குற்றத்தைத் திருச்சபை எவ்வளவு கடுமையாகக் கருதுகிறது என்பதை அறிந்த அப்பெண்ணும், தான் செய்யாத குற்றத்திற்காகக் கூசக்கூடும்.

தமிழில் நமக்கு இரண்டு சொற்கள் உள்ளன. தானாக நேர்வது கருச்சிதைவு. மனிதர் செய்வது கருக்கலைப்பு. கருச்சிதைவுக்கு ஆளான தாயிடம் குற்றம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஏன் இடமில்லை என்பதையும் அறிந்துகொள்வோம். உறுதி செய்யப்பட்ட கருக்களில் நூற்றுக்கு 10 முதல் 15 வரை தாமாகவே கலைகின்றன. இவ்வாறு தொடக்க மாதங்களில் கலைவனவற்றுள் ஏறத்தாழப் பாதிக்குக் காரணம், குரோமோசோம் எனப்படும் மரபுக் கூறுகளின் எண்ணிக்கையில் நேர்ந்த பிழையே. தாயிடமிருந்து 23, தந்தையிடமிருந்து 23 என 46 குரோமோசோம்கள் சேர வேண்டிய இடத்தில் ஒன்று கூடியோ குறைந்தோ போய்விடுகிறது. பெரும்பாலும் இப்பிழை கரு உருவாகும் வேளையிலேயே நேர்ந்துவிடுகிறது. அவள் பப்பாளி தின்றதோ, தண்ணீர்க் குடம் தூக்கியதோ, பேருந்தில் பயணம் செய்ததோ, எவர் கண்ணும் பட்டதோ இப்பிழைக்குக் காரணம் ஆகாது.

வயது ஒரு முக்கியக் காரணம். நார்வே நாட்டில் தேசியப் பதிவேடுகளைக் கொண்டு நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 25 முதல் 29 வயது வரையுள்ள பெண்களுக்குக் கரு கலையும் வாய்ப்பு நூற்றுக்கு 10 என்றும், 45 வயதைக் கடந்தோருக்கு நூற்றுக்கு 53 என்றும் கண்டனர்.

இங்கே மனத்தில் பதிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. ஒருமுறை கரு கலைந்த பெண்களுள் மிகப் பெரும்பாலோர், எந்த மருந்தும் உண்ணாமலே அடுத்த முறை நலமான குழந்தையைப் பெறுகின்றனர். இது பெரும் ஆறுதல். ஆயினும் இதே உண்மைதான் ஒரு மயக்கத்திற்கும் காரணமாகிறது. கைமருந்து உண்டவளும் பிள்ளை பெறுகிறாள். ஆஸ்பிரின் உண்டவளும் பெறுகிறாள். ஒன்றும் உண்ணாதவளும் பெறுகிறாள். அப்படியிருக்க, தங்கைக்குப் பிள்ளை பிறந்தது மாத்திரையாலா, மாத்திரை இல்லாமலும் பிறந்திருக்குமா என்பதை எவ்வாறு அறிவது? ஒருத்தியின் அனுபவத்தைக் கொண்டு அறிய இயலாது. ஒத்த நிலையிலுள்ள பல பெண்களை இரு பிரிவாக்கி ஒப்பிட்டுப் பார்த்தால்தான் அறியலாம்.

மரப்பட்டையிலிருந்து மாத்திரை வரை

அத்தகைய ஒப்பீட்டைக் காணுமுன், ஆஸ்பிரின் என்பது யாதென அறிவோம். கிரிக்கெட் மட்டை செய்யப் பயன்படும் வில்லோ மரத்தின் பட்டை மிகவும் கசப்பானது. இங்கிலாந்தில் எட்வர்டு ஸ்டோன் என்ற ஆங்கிலிக்கன் குருவானவர் அப்பட்டையை உலர்த்திப் பொடியாக்கி, குளிர்காய்ச்சல் கண்ட ஏறத்தாழ 50 பேருக்குக் கொடுத்தார். அதன் பயனை விவரித்து 1763-இல் இலண்டன் அரச கழகத்திற்குக் கடிதமும் எழுதினார். அப்பட்டையிலுள்ள பொருளோடு தொடர்புடைய அசெட்டைல் சாலிசிலிக் அமிலத்தை, ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் 1897-இல் தூய நிலையில் தயாரித்தனர். 1899-இல் அது ஆஸ்பிரின் என்ற பெயர் பெற்றது.

அது உடலுக்குள் எவ்வாறு வேலை செய்கிறது என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. 1971-இல் ஆங்கிலேய அறிஞர் ஜான் வேன் அதனைக் கண்டறிந்தார். 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்கள் உடலில் உருவாவதை ஆஸ்பிரின் தடுக்கிறது.

தலைவலிக்கு உண்பது பெரிய அளவு. ஒரு மாத்திரை 300 மில்லிகிராமுக்கு மேலிருக்கும். சிறிய அளவு என்பது நம் நாட்டில் பெரும்பாலும் 75 மில்லிகிராம், அமெரிக்காவில் 81. இச்சிறு அளவு வலியைப் போக்காது. அதன் வேலை இரத்தத்திலுள்ள நுண்தட்டுகளின்மேல் நடக்கிறது. காயம் பட்ட இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டி இரத்தத்தை உறையச் செய்பவை இத்தட்டுகளே. ஆஸ்பிரின் பட்ட தட்டு, தன் ஆயுளான ஏழு முதல் பத்து நாள் வரை அந்த ஒட்டும் தன்மை குன்றியே இருக்கும். எனவேதான் நாள்தோறும் ஒரு சிறு மாத்திரை போதுமானதாகிறது.

கருவுக்கு உணவும் உயிர்வளியும் தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாகவே செல்கின்றன. அங்கே நுண்ணிய குழாய்களில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வதால் சில கருக்கள் கலைகின்றனவோ என்று மருத்துவர்கள் எண்ணினர். கருப்பைக்கு இரத்த ஓட்டம் சீராக இருந்தால் கரு நன்கு பதியும் என்றும் எதிர்பார்த்தனர். எண்ணம் பொருத்தமானதே. எனினும், பொருத்தமான எண்ணங்கள் எல்லாம் சோதனையில் தேறிவிடுவதில்லை.

1228 பெண்களிடம் கண்டது

இதனைச் சோதிக்க அமெரிக்க அரசின் தேசிய நல ஆய்வு நிலையங்களைச் சேர்ந்த அறிஞர்கள் 2007 முதல் 2011 வரை பெரும் ஆராய்ச்சி ஒன்றை நடத்தினர். முன்பு ஒருமுறையோ இருமுறையோ கருவை இழந்து, மீண்டும் கருத்தரிக்க விரும்பிய 18 முதல் 40 வயது வரையுள்ள 1228 பெண்கள் அதில் சேர்ந்தனர். சீட்டுக் குலுக்கிப் போடுவது போன்ற முறையில் அவர்கள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் 81 மில்லிகிராம் ஆஸ்பிரினும் போலிக் அமிலமும் தரப்பட்டன. மற்றப் பிரிவினருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் போலிக் அமிலமும் தரப்பட்டன. யாருக்கு எது என்பது பெண்களுக்கும் தெரியாது, கொடுத்தவர்களுக்கும் தெரியாது. கருத்தரிக்குமுன் ஆறு மாதச் சுழற்சிகள் வரையிலும், கருத்தரித்தால் 36-ஆம் வாரம் வரையிலும் மாத்திரை தொடர்ந்தது.

முடிவுகள் 2014-இல் வெளியாயின. இறுதிவரை ஆராய்ச்சியில் இருந்தவர்களுள், ஆஸ்பிரின் பிரிவில் நூற்றுக்கு 58 பேர் உயிருள்ள குழந்தையைப் பெற்றனர். வெற்று மாத்திரைப் பிரிவில் நூற்றுக்கு 53 பேர் பெற்றனர். இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்பதால், பொதுவாக ஆஸ்பிரின் பயன் தரும் என்று முடிவு கட்ட இயலவில்லை. கருச்சிதைவையேனும் தடுத்ததா என்றால், அதுவும் இல்லை. ஆஸ்பிரின் பிரிவில் நூற்றுக்கு 13 பேருக்கும், மற்றப் பிரிவில் 12 பேருக்கும் கரு கலைந்தது. ‘கருவைத் தாங்கும் மாத்திரை’ என்று நம்மிடையே பேசப்படுவதற்கு இந்த ஆராய்ச்சியில் ஆதாரமில்லை.

ஆனால் ஒரு சாராரிடம் வேறுபாடு தென்பட்டது. ஒரே ஒருமுறை, அதுவும் முந்திய ஓராண்டுக்குள், 20 வாரங்களுக்கு முன்னதாகக் கருவை இழந்த பெண்கள் அவர்கள். அவர்களுள் ஆஸ்பிரின் உண்டோரில் நூற்றுக்கு 62 பேரும், உண்ணாதோரில் 53 பேரும் குழந்தை பெற்றனர். இது கவனிக்கத் தக்க ஏற்றம்.

தீங்கைப் பற்றியும் கேட்க வேண்டும் அன்றோ? ஆஸ்பிரின் உண்டோரிடம் பிறப்புறுப்பு வழியே இரத்தக் கசிவு சற்று மிகுதியாகக் காணப்பட்டது. அக்கசிவு கருச்சிதைவில் முடியவில்லை என்றாலும், முன்பே ஒருமுறை இழந்த தாய்க்கு ஒரு துளி இரத்தமும் எத்துணை அச்சம் தரும் என்பதை நாம் அறிவோம். இம்மாத்திரையைத் தொடங்குபவள் அதனை முன்கூட்டியே அறிந்திருப்பது நன்று.

பின்னர் கிடைத்த இரண்டு செய்திகள்

இதே பெண்களின் பதிவுகளை அறிஞர்கள் மீண்டும் ஆராய்ந்து, 2017-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். உடலில் மறைவாக அழற்சி இருந்தால் இரத்தத்தில் சி.ஆர்.பி. என்ற புரதம் உயரும். சேரும்போதே இப்புரதம் உயர்ந்திருந்த பெண்களைத் தனியே பிரித்துப் பார்த்தனர். அவர்களுள் வெற்று மாத்திரை உண்டோரில் நூற்றுக்கு 44 பேரே குழந்தை பெற்றிருந்தனர். ஆஸ்பிரின் உண்டோரிலோ 59 பேர். அழற்சியைத் தணிப்பதன் மூலம் ஆஸ்பிரின் இவர்களுக்கு உதவியிருக்கலாம் என்று கருதினர்.

2021-இல் மற்றொரு முடிவு வெளியாயிற்று. ஆராய்ச்சியில் சேர்ந்த எல்லாரும் மாத்திரையை ஒழுங்காக உண்ணவில்லை. சிலர் பாதியில் நிறுத்தினர். வாரத்தில் ஐந்து நாளேனும் தவறாமல் ஆஸ்பிரின் உண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்கிட்டபோது, 100 பெண்களுக்கு 15 குழந்தைகள் கூடுதலாகப் பிறந்திருக்கும் என்றும், கருச்சிதைவுகள் ஆறு குறைந்திருக்கும் என்றும் கண்டனர்.

இவை நம்பிக்கை ஊட்டும் செய்திகளே. எனினும் இரண்டு எச்சரிக்கைகளை நினைவில் கொள்ள வேண்டும். இவை இரண்டும் புதிய ஆராய்ச்சிகள் அல்ல. பழைய ஆராய்ச்சியின் ஏடுகளைப் புதிய கோணத்தில் புரட்டிக் கண்டவை. மாத்திரையை ஒழுங்காக உண்பவர் பிற வகைகளிலும் உடல்நலம் பேணுபவராக இருக்கலாம். கணக்கால் இவ்வேறுபாட்டைச் சரிசெய்ய முயல்வர். ஆயினும் குலுக்கலால் கிடைக்கும் உறுதி அதற்கு வராது. மேலும், அந்த 1228 பெண்களுள் மிகப் பெரும்பாலோர் அமெரிக்க வெள்ளையர். உணவும் உடலமைப்பும் நோய்களும் வேறான நம் நாட்டுப் பெண்களுக்கும் அதே அளவு பயன் கிட்டும் என்று அப்படியே கொள்வதற்கில்லை.

மீண்டும் மீண்டும் இழந்தவர்கள்

ஒருமுறை இழந்தவளின் நிலை வேறு. இரண்டு, மூன்று முறை இழந்தவளின் நிலை வேறு. பலமுறை இழந்தவருக்கு ஆஸ்பிரின் இன்னும் மிகுதியாகத் தேவைப்படும் என்றுதான் நாம் எண்ணுவோம். ஆனால் ஆராய்ச்சி அவ்வாறு கூறவில்லை.

நெதர்லாந்தில், காரணம் புலப்படாமல் இருமுறையேனும் கருவை இழந்த 364 பெண்களிடம் ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதன் முடிவு 2010-இல் வெளியாயிற்று. ஆஸ்பிரினும் ஹெப்பாரின் வகை ஊசியும் சேர்த்துப் பெற்றவர்களுள் நூற்றுக்கு 54.5 பேரும், ஆஸ்பிரின் மட்டும் பெற்றவர்களுள் 50.8 பேரும், வெற்று மாத்திரை பெற்றவர்களுள் 57 பேரும் குழந்தை பெற்றனர். காரணம் தெரியாத தொடர் கருச்சிதைவுக்கு இம்மருந்துகளால் பயனில்லை என்பது இதனால் தெளிவாயிற்று. நாள்தோறும் வயிற்றில் ஊசி குத்திக்கொண்டவர்களைவிட, ஒன்றும் செய்யாமல் அன்போடு கவனிக்கப்பட்டவர்கள் எவ்வகையிலும் குறைந்துவிடவில்லை.

ஆனால் காரணம் தெரிந்த ஒரு நோய் உண்டு. அதற்கு ஆஸ்பிரின் உண்மையான மருந்தின் ஒரு பகுதியாகும். சிலருடைய உடல், தன் இரத்தம் எளிதில் உறையும்படியான எதிர்ப்பொருள்களைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. இதற்கு ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய் என்று பெயர். இலண்டன் மருத்துவர் கிரகாம் ஹியூஸ் 1983-இல் இதனை விவரித்தார். தொடர்ந்து மூன்று முறை கரு கலைந்தவர்கள், பத்து வாரங்களுக்குப் பின் நன்கு வளர்ந்த கருவை இழந்தவர்கள் ஆகியோரிடம் இந்நோய் இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். இரத்தச் சோதனை ஒருமுறை செய்தால் போதாது. குறைந்தது 12 வாரம் கழித்து மீண்டும் செய்து உறுதி காண வேண்டும்.

இந்நோயுள்ள 90 பெண்களிடம் இலண்டனில் நடந்த ஆராய்ச்சி 1997-இல் வெளியாயிற்று. ஆஸ்பிரின் மட்டும் பெற்ற 45 பேரில் 19 பேர் குழந்தை பெற்றனர். ஆஸ்பிரினோடு ஹெப்பாரின் ஊசியும் பெற்ற 45 பேரில் 32 பேர் குழந்தை பெற்றனர். இவர்கள் வீட்டு அலமாரியிலிருந்து ஆஸ்பிரினை எடுத்து உண்டு, அதுவே போதுமென்று இருந்துவிட்டால், தேவையான ஊசி கிடைக்காமல் மற்றொரு கருவையும் இழக்க நேரிடலாம். தாமாக மருந்து உண்பதன் பெருந்தீங்கு இதுவே. மாத்திரை செய்யும் கேட்டைக் காட்டிலும், அது தரும் நிம்மதியால் தேடாமல் விடப்படும் நோய் செய்யும் கேடு பெரிது.

கருவுற்றபின் கொடுக்கப்படும் ஆஸ்பிரின்

“பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஐந்தாம் மாதத்தில் ஆஸ்பிரின் கொடுக்கிறார்களே?” என்று நேயர்கள் கேட்கலாம். அதன் நோக்கம் வேறு. கருவுற்ற காலத்தின் பிற்பகுதியில் இரத்த அழுத்தம் உயர்ந்து, தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து விளைவிக்கும் நிலை சிலருக்கு வருகிறது. முன் பிரசவத்தில் அந்நிலை வந்தவர்கள், சர்க்கரை நோய், சிறுநீரக நோய், நாட்பட்ட இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஆகியோருக்கு அதனைத் தடுக்கும் பொருட்டு, மூன்று மாதம் முடிந்த அளவில் சிறிய அளவு ஆஸ்பிரினைத் தொடங்குகின்றனர். உலக சுகாதார நிறுவனம் 2011-இலேயே இதனைப் பரிந்துரைத்தது.

இத்துறையில் நம் நாட்டுப் பெண்களும் பங்கு கொண்டிருக்கின்றனர். பெலகாவியும் நாகபுரியும் உள்ளிட்ட இடங்களில், இந்தியா, பாகிஸ்தான், கென்யா, சாம்பியா, காங்கோ, குவாத்தமாலா ஆகிய ஆறு நாடுகளில் ஏறத்தாழ 12,000 பெண்களிடம் நடந்த ஆராய்ச்சி 2020-இல் வெளியாயிற்று. முதன்முறை தாயாகப்போகும் அவர்களுள் ஆஸ்பிரின் பெறாதோரில் நூற்றுக்கு 13.1 பேருக்கும், பெற்றோரில் 11.6 பேருக்கும் குறைமாதப் பிரசவம் நேர்ந்தது. இது சிறிய ஏற்றமே எனினும், பிழைத்த ஒவ்வொரு குழந்தையும் ஒரு குடும்பத்தின் மகிழ்ச்சியன்றோ?

ஆகவே ஒரே மாத்திரை மூன்று நோக்கங்களுக்காகத் தரப்படுகிறது. கருத்தரிக்க உதவும் என்ற எதிர்பார்ப்பில் தருவது ஒன்று. உறைதல் நோய்க்கு ஊசியோடு தருவது ஒன்று. பிற்காலத்து இரத்த அழுத்தத்தைத் தடுக்கத் தருவது ஒன்று. பின்னிரண்டுக்கும் உறுதியான ஆதாரம் உண்டு. முன்னதற்கு அரைகுறை ஆதாரமே உண்டு. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2018-இல் வெளியிட்ட அறிவுரையில், தொடக்க மாதக் கருச்சிதைவைத் தடுப்பதற்கென்று ஆஸ்பிரின் கொடுப்பதை ஆதரிக்கவில்லை. தங்கைக்கு மருத்துவர் எதற்காகக் கொடுத்தார் என்பது அக்காளுக்குத் தெரியாமலிருக்கலாம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

மீண்டும் கருத்தரிக்க விரும்பும் தம்பதியர் இருவரும் சேர்ந்து மருத்துவரிடம் செல்வது நல்லது. முன் நிகழ்ந்த கருச்சிதைவு எத்தனையாவது வாரத்தில் நேர்ந்தது, கருவின் இதயத் துடிப்பு முன்னர் காணப்பட்டதா என்பவற்றைக் கூறி, பழைய சீட்டுகளையும் ஸ்கேன் படங்களையும் காட்ட வேண்டும். “எனக்குச் சோதனை ஏதும் தேவையா? ஆஸ்பிரின் எனக்கு உதவும் என்று கருதுகிறீர்களா? எந்தக் காரணத்திற்காக, எந்த அளவில், எப்போது தொடங்கி எப்போது நிறுத்த வேண்டும்?” என்று தயங்காமல் கேட்கலாம். இரண்டு முறைக்கு மேல் இழந்தவருக்குத் தைராய்டு, சர்க்கரை, கருப்பையின் அமைப்பு, உறைதல் எதிர்ப்பொருள் ஆகியவற்றைப் பார்ப்பதுண்டு.

மருத்துவர் ஆஸ்பிரின் எழுதிக் கொடுத்தால், அதனை உணவுக்குப் பின் உண்பது வயிற்றுக்கு நல்லது. வயிற்றுப் புண் உள்ளவர்கள், ஆஸ்பிரின் ஒவ்வாதவர்கள், வலி மாத்திரை உண்டால் இளைப்பு வரும் ஆஸ்துமாக்காரர்கள், இரத்தம் எளிதில் நிற்காத நோயுள்ளவர்கள் ஆகியோர் அதனை முன்னதாகவே கூறிவிட வேண்டும். ஐபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகளைத் தாமாகச் சேர்த்து உண்ணலாகாது. அவை ஆஸ்பிரினின் வேலையையும் தடுக்கும். நம் பகுதியில் மற்றோர் எச்சரிக்கையும் தேவை. டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பிரின் இரத்தப் போக்கை மிகுவிக்கும். எனவே காய்ச்சல் கண்டவுடன், தாம் ஆஸ்பிரின் உண்பதை மருத்துவரிடம் கூற மறக்கலாகாது. கருவுற்றபின் கடும் வயிற்று வலியோ மிகுந்த இரத்தப் போக்கோ கண்டால் காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஆஸ்பிரினைக் குறித்து ஐயம் இருக்கலாம். போலிக் அமிலத்தைக் குறித்து ஐயமே இல்லை. கருத்தரிக்க விரும்பும் ஒவ்வொரு பெண்ணும் கருவுறுமுன்னரே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் அளவில் அதனை உண்ணத் தொடங்க வேண்டும். குழந்தையின் முதுகுத்தண்டிலும் மூளையிலும் நேரும் பிறவிக் குறைகளை அது பெருமளவு தடுக்கிறது. நம் கடைகளில் இதைவிடப் பன்மடங்கு அளவுள்ள 5 மில்லிகிராம் மாத்திரையும் கிடைப்பதால், எது தேவை என்பதை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். புகையும் மதுவும் இல்லாத வீடும், கட்டுக்குள் இருக்கும் சர்க்கரையும் தைராய்டும், எந்த ஆஸ்பிரினுக்கும் குறையாத துணைகள்.

கணவருக்கும் வீட்டாருக்கும்

கருவை இழந்த பெண்ணுக்கு மருந்தைவிட முதலில் தேவைப்படுவது அவளைச் சூழ்ந்திருப்போரின் சொல். “ஒன்றும் ஆகவில்லை, மறந்துவிடு” என்பது ஆறுதல் அல்ல; ஆனது ஒன்று உண்டு. “உன்மேல் தவறில்லை” என்று கணவர் வாய் திறந்து கூறும் ஒரு சொல், அவள் தனக்குள் நடத்திக்கொண்டிருக்கும் விசாரணையை முடித்துவைக்கும். கணவரும் ஒரு பிள்ளையை இழந்தவரே. அவர் தம் துயரத்தை மறைத்து உலாவ வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

மாமியார்களுக்கும் நாத்தனார்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாதந்தோறும் “இந்த மாதம் எப்படி?” என்று கேட்பதை விடுங்கள். அவளே சொல்லும்வரை பொறுத்திருங்கள். பங்கிலுள்ள மாதர் சங்கத்தினர் மகப்பேறு கண்ட வீட்டுக்குச் செல்வதுபோல், கரு கலைந்த வீட்டுக்கும் ஒருமுறை சென்று, அறிவுரை ஏதும் கூறாமல், சற்று நேரம் உடனிருந்து வரலாம்.

வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்வதும் மருத்துவரிடம் செல்வதும் ஒன்றுக்கொன்று மாறானவை அல்ல. இரண்டையும் செய்யும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். ஆனால் ஒரு மாத்திரையின்மேல் நேர்ச்சைக்குரிய நம்பிக்கையை வைத்துவிட்டால், அது பலிக்காதபோது அப்பெண் இரண்டாம் முறையும் உடைந்துபோகிறாள். “நாள் தவறாமல்தானே போட்டேன், ஒரு நாள் மறந்தேனே, அதனால்தானோ?” என்று தன்னையே மீண்டும் குற்றவாளியாக்கிக்கொள்கிறாள்.

சிறிய ஆஸ்பிரின் சிலருக்கு உதவுகிறது. பலருக்கு அது தேவையே இல்லை. ஒரு சிலருக்கு அது மட்டும் போதாது. தாம் இம்மூவருள் யார் என்பதை மருத்துவரிடம் கேட்டறிந்தபின் மாத்திரையைத் தொடங்குவதே அறிவுடைமை. மாத்திரை உண்டும் கரு நிலைக்கவில்லையென்றால், அது மருந்தின் எல்லை, அவளுடைய குறையன்று. அதனை அவளிடம் எடுத்துச் சொல்ல வீட்டில் ஒருவராவது இருக்கட்டும்.